வண்டு

ரஷ்ய மொழியில் அதற்கு வண்டு என்று பெயர்.
பித்தளை வயிறு, தகர உறை,
அடியில் பொறித்த விலை மட்டும்
இப்போது இல்லாத ஒரு நாட்டின் காசில்.
எரியும்போது ரீங்காரமிடும்.
அந்த ஜனவரியில் அது வாய் திறக்கவில்லை.
நாங்களும்தான்.

பனியாற்றின் ஓரத்து வானிலை நிலையத்தில்
நானும் அசான்கதிரும்.
ஒரே அறை, ஒரே மேசை,
பேசிப் பதினோரு நாள்.
காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
காலை ஆறு மணிக் கணக்கை
போர்வைக்குள் கிடந்தபடியே எழுதினான்:
மைனஸ் இருபத்தேழு.
நான் வெளியே போய்ப் பார்த்தேன்.
மைனஸ் இருபத்தேழுதான்.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நிலக்கரி இரவுக்கு மட்டும் என்று
அளந்து வைத்திருந்தோம்.
பகலில் தேநீருக்கு வண்டை விட்டால் வழியில்லை.
பம்பை அடித்தால்
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியது போல
கைக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

பிரித்துப் போட்டேன்.
தோல் வாஷர் காய்ந்து சுருண்டு
எலியின் காதுபோல் உதிர்ந்தது.
மாற்று வாஷர் நரின் நகரத்தில் கிடைக்கும்.
நரினுக்கு ஏப்ரலில்தான் பாதை கிடைக்கும்.

மறுநாள் மேசைமேல் ஒரு பூட்ஸ் இருந்தது.
அவனுடையது, இடது கால்.
நாக்கை மட்டும் கத்தரித்துப்
பக்கத்தில் வைத்திருந்தான்.
எந்த நாக்கு என்று
நான் கேட்கவில்லை.

பத்து சோம் நாணயத்தை வைத்துக் கோடு கிழித்து
வட்டமாய் வெட்டி
ஆட்டுக் கொழுப்பில் ஓர் இரவு ஊறவிட்டேன்.
விடியும்போது விளிம்பு இளகி
காளான் குடைபோல் விரிந்திருந்தது.
அடுத்தது துளை.
கரி அடைத்துக்கொண்டிருந்தது,
குத்துவதற்கு ஊசி இல்லை.
காற்றுமானியின் ஒயரில் ஓர் இழையை உருவினேன்.
அரசாங்கச் சொத்து.
பதிவேட்டில் எழுதவில்லை.
(நானும் இப்போது போர்வைக்குள் இருந்தேன்.)

பற்றவைப்பது ஒரு ஆள் வேலை அல்ல.
கிண்ணத்தில் ஸ்பிரிட் நீலமாய் எரியும்.
அது அணைவதற்குள் அழுத்தம் ஏற வேண்டும்,
திருகைத் திறக்க வேண்டும்,
புதுத் தோல் படியும்வரை
பம்பின் கழுத்தை யாராவது இறுக்கிப் பிடிக்க வேண்டும்.
எனக்கு இருப்பதோ இரண்டு கை,
அதிலும் நான்கு விரல் மரத்துவிட்டது.

“அடி” என்றேன்.
பதினோரு நாளில் முதல் சொல் அது.
அவன் நிமிர்ந்து
என் முகத்தைப் பார்த்தான்,
பிறகு பம்பைப் பார்த்தான்.
அடித்தான்.
“இன்னும்.”
“போதுமா?”
“இன்னும். கையை எடுக்காதே.”
“சுடுகிறது.”
“எடுக்காதே என்றேன்.”

மஞ்சள் தீ ஒன்று எழும்பிக் கூரையைத் தடவி
போகிற போக்கில் என் இடது புருவத்தைத் தின்றது.
பொசுங்கல் நாற்றத்தில் அசான்கதிர் சிரித்தான்,
இருமும்வரை சிரித்தான்,
கையை மட்டும் எடுக்கவில்லை.
தீ குறுகியது, நீலமானது,
பிறகு அந்தச் சத்தம்.
அறை முழுக்க
ஒரே ஒரு வண்டு.

பனி உருகிக் கொதிக்கப் பதினான்கு நிமிடம்.
“வெளியே எத்தனை இருக்கும்?” என்றேன்.
“பார்த்துவிட்டு வருகிறேன்” என்றான்,
நாக்கில்லாத பூட்ஸை மாட்டிக்கொண்டு.

ஏப்ரலில் ஜிபார்குல் குதிரையில் வந்தாள்.
மாவு, வெங்காயம், பாட்டரி,
கூடவே புது அடுப்பு:
உள்ளங்கை அளவு, அடியில் கேஸ் டப்பா.
திருகினால் ஒரு சொடக்கு, உடனே தீ.
பம்பு இல்லை, புகை இல்லை,
புருவத்துக்கு ஆபத்தில்லை.
நல்ல அடுப்பு. குறை சொல்ல மாட்டேன்.
வண்டின் தகர உறையில் இப்போது உப்பு வைக்கிறோம்.

மூன்றாம் நாள் காலை
தேநீர் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கழுவும்போது
அசான்கதிர் எழுந்து உட்கார்ந்து சொன்னான்:
“சத்தமே இல்லை.
நீ எழுந்தது எனக்குத் தெரியவே இல்லை.”

நான் பேசாமல் கழுவிக்கொண்டிருந்தேன்.
அப்புறம் நினைவு வந்து
பதில் சொன்னேன்.