வாளியை எங்கே வைப்பது

மேடவாக்கம் மெயின்ரோட்டுக் கடையில்
சுவர் முழுக்க ஷவர்கள்.
நாற்பத்தியொன்று என்று எண்ணிச் சொன்னார் குலசேகர்.
எல்லாம் தலைகுனிந்து நின்றன
பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளைகள்போல.
ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இது ரெயின் ஷவர் மேடம்.
மழையில நனையிற மாதிரியே இருக்கும்"
என்றான் இம்தியாஸ், கழுத்தில் அடையாள அட்டையோடு.
மழை எப்படி இருக்கும் என்று
வேளச்சேரிக்காரியிடம் சொல்கிறாய் தம்பி.
டிசம்பரில் எங்கள் தெருவில்
இடுப்பளவு நின்றது மழை.
ஜூனில் அதே தெருவில்
லாரிக்கு நின்றோம் நாங்கள்.

டேங்க் எவ்வளவு உயரம் என்றான்.
எங்கள் தலைக்கு மேல் ஆறடி.
உதட்டைப் பிதுக்கினான்.
பம்ப் வைக்க வேண்டுமாம்.
பம்ப் வைத்தால் கீழ்வீட்டு சம்பந்தமூர்த்தி
செக்ரட்டரிக்குக் கடிதம் எழுதுவார்.
போன கடிதம்
எங்கள் துணிக்கொடி சொட்டியதைப் பற்றி.

பிறகு கண்ணாடி.
எட்டு எம்எம், பத்து எம்எம்,
தெளிந்தது, கோடு போட்டது,
ஃப்ராஸ்டட் என்றால் சதுர அடிக்கு இன்னும் கொஞ்சம்.
"உள்ள போய்ப் பாருங்க மேடம்."
போனேன்.
கதவின் காந்தம் டக்கென்று ஒட்டியது.

வெளியே குலசேகரின் வாய் அசைகிறது,
சத்தம் வரவில்லை.
கண்ணாடி வழியே பார்த்தால்
பாவம், மெலிந்துதான் போயிருக்கிறார்.
செருப்புக் காலோடு, கைப்பையோடு,
நனையாத குளியலறையில் நான்.
குக்கர் இல்லை
காலிங்பெல் இல்லை
அந்த நீலச் சட்டை எங்கே இல்லை.
இந்த அமைதிக்கும் ஜிஎஸ்டி உண்டா தம்பி
என்று கேட்க வாயெடுத்தவள்
காலடியைப் பார்த்தேன்.

கதவைத் தள்ளிக் கேட்டது வேறு:
"வாளியை எங்கே வைப்பது?"

இம்தியாஸ் முழித்தான்.
"வாளி எதுக்கு மேடம், ஷவர்தான் இருக்கே."

எதுக்கா.
லாரி வராத அந்தக் கோடையில்
அரை வாளியில் தலைக்குக் குளித்து
பாதத்தில் வழிந்ததைப் பிடித்து
பாவாடை அலசி
அலசியதைக் கக்கூஸுக்கு ஊற்றிய
சிவப்பு வாளி அது.
பிடி உடைந்து கம்பி கட்டியிருக்கிறோம்.
அதை வெளியே நிறுத்திவிட்டு
நான் மட்டும் உள்ளே போவதா?

"போர் தண்ணியா?"
போர்தான். உப்பு.
"அப்ப குளிச்சு முடிச்சதும் டெய்லி
வைப்பர் போட்டுத் துடைச்சிடுங்க.
இல்லன்னா வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிடும்."

துடைச்சிடுங்க.
இந்த வினைக்கு எழுவாய் யார்?
நான் குலசேகரைப் பார்த்தேன்.
குலசேகர் விலைச்சீட்டைப் பார்த்தார்.
விலைச்சீட்டு
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் வாங்கியது
ஒரு கைஷவர்.
கதவில்லாத ஒற்றைக் கண்ணாடி, எட்டு எம்எம்,
ஓரத்தில் வாளிக்கு ஒன்றேகால் அடி விட்டு.
மழை வானத்திலேயே இருக்கட்டும்.
வைப்பர் இலவசம்.

பொருத்த வந்த ஏசுபாதம்
துளை போடுமுன் டைல்ஸில் காது வைத்தார்,
பைப் எங்கே ஓடுகிறது என்று.
ஒன்பது வருடமாகக் குளிக்கிறோம்,
எங்களுக்குத் தெரியாது.

ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை,
குளியலறைக்குள்ளிருந்து
கீச், கீச்.
அணில் புகுந்துவிட்டதென்று
துடைப்பத்தோடு போனேன்.
துண்டோடு வெளியே வந்தவர்
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

உள்ளே,
மேல்பாதியில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.
முழங்காலுக்குக் கீழே அவர் குனியவில்லை.
அங்கே உப்பு பூத்து,
காசு கொடுக்காமல் வந்த ஃப்ராஸ்டட்.
அதன் பின்னால் மங்கலாக
சிவப்பு வாளி.