பங்காளிகள்

எஸ்கிஷெஹிரில், பெரிஹானின் மேசைமேல்
ஒரு டைட்டானியக் கீல்.
உள்ளங்கை நீளம்.
விமானத்தின் வயிற்றுக் கதவொன்றை
அது தாங்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.
கதவுக்குப் பின்னால் இருப்பது
வரைபடத்தில் இல்லை.
அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

ஏழு துளைகள்.
ஒவ்வொன்றிலும் அளவியை இறக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படிக்கிறாள்.
மயிரிழையை இருபதாகக் கிழித்தால்
அதில் ஓர் இழை வரைக்கும் மன்னிப்பு உண்டு.
சரியாக இருந்தால் முத்திரை: 47.
பிறகு தேநீர்.

ஒன்பது நாடுகள் சேர்ந்து பிடித்த சீட்டு இது.
கட்டிய பணத்துக்கு ஏற்ப வேலை,
வேலைக்கு ஏற்ப வரிசையில் இடம்.
நோட்டு மட்டும் ஒரே வீட்டில்,
கடலுக்கு அப்பால்.
கையெழுத்திட்ட அன்று
"பங்காளிகளே" என்றாராம் தலைமை தாங்கியவர்.
அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்
ஒருவராவது இருந்திருந்தால் சிரித்திருப்பார்.
வரப்புத் தகராறு இல்லாத பங்காளி
எந்த ஊரில் இருக்கிறான்?

"சம பங்கா?" என்று கேட்டது டென்மார்க்.
"சம மரியாதை" என்று வந்தது பதில்.
குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை.
யாரிடமோ எதையோ வாங்கிவிட்டதாம் அவள் நாடு.
சீட்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள்.
கட்டிய பணம்?
பேசிக்கொள்ளலாம்.
முடித்து நிறுத்திய விமானங்கள்?
நிற்கட்டும்.
வரைபடங்கள்?
இன்றே, மாலை ஐந்துக்குள்.

இரண்டு பேர் வந்து தாள்களை எண்ணினார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
அந்த வெள்ளை இடத்தையும் சேர்த்துத்தான்
எடுத்துக்கொண்டு போனார்கள்.
ரசீதில் கையெழுத்துக் கேட்டபோது
பழக்கதோஷம்,
முத்திரையைக் குத்திவிட்டாள்.
மூவரும் அந்த 47-ஐப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
ஒருவன் இருமினான்.

ஏழாவது துளையில் அளவி
ஒரு நொடி தயங்கி இறங்கும்.
அந்தத் தயக்கம் அவள் விரலில் இருக்கிறது.
அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளப்
படிவம் எதுவும் கொண்டுவரவில்லை அவர்கள்.

இப்போது அதே எந்திரம்
ரயில் பெட்டிக் கதவுக்குக் கீல் வெட்டுகிறது.
அங்கே மன்னிப்பு தாராளம்.
அவளுக்குத்தான் பிடிக்கவில்லை.
யாரும் கேட்காத துல்லியத்துக்கு அளந்து
பொருளைத் திருப்பி அனுப்புகிறாள்;
மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஜூட்லாந்தில் மழை.
கொட்டகைக்குள் டோர்பென்
ஏணியில் ஏறி விமானத்தின் வயிற்றுக்குள்
தலையை நுழைத்திருக்கிறான்.
கதவு பாதியில் நிற்கிறது, ஏறவுமில்லை இறங்கவுமில்லை.
பசையைத் துடைத்தால் கீலில் 47.
நான்கு வருடமாகத் தெரிந்த எண்.
தடித்த மீசையும் பெரிய கையுமாய்
தவறே செய்யாத ஒரு கிழவனை
அந்த எண்ணுக்கு உருவமாக வைத்திருக்கிறான்.

கோளாறு கீலில் இல்லை.
அதற்குப் பின்னால் சாம்பல் நிறப் பெட்டி,
நான்கு பக்கமும் முத்திரை வைத்து மூடியது.
அவன் நாடு விலை கொடுத்த பெட்டி.
அவன் சம்பளத்தில் பிடித்த வரியும்
ஒரு திருகாணி அளவுக்காவது அதில் இருக்கும்.
திறக்க வேண்டுமென்றால்
நோட்டு இருக்கும் வீட்டைக் கேட்க வேண்டும்.

கேட்கிறான்.
அங்கே இரவு மூன்று மணி.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது
என்கிறது ஒரு குரல்,
பிறகு பியானோ.

ஏணியின் மூன்றாம் படியில் உட்கார்ந்து
தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
கட்டைவிரலால் அந்த எண்ணைத் தடவுகிறான்,
47, 47,
வேறு வேலை இல்லாததால்.

நாற்பது நிமிடம்.
பியானோ முடிந்து மறுபடி முதலிலிருந்து.
கதவின் மொத்தக் கனமும்
பாதித் திறப்பில் தொங்குகிறது.
கீல் தாங்குகிறது.