எந்தக் கோயில் வாணம்?

கப்பலூரில் கப்பல் இல்லை.
டோல்கேட் உண்டு, லேத் பட்டறைகள் உண்டு,
ஞாயிறன்று சாவியை எங்களிடம் தந்துவிட்டு
எதுவும் கேட்காமல் போகிற முதலாளி ஒருவர் உண்டு.
அங்கேதான்
ஒன்பதரை அடிக் குழாய்க்கு மூக்குச் சீவினோம்.
சவேரி, நைனார், மின்வாரியக் குருவம்மா, நான்.

இறக்கைகள் மூன்றையும் ஒட்டிப் பிசின் காய்ந்தபின்
ஒன்று அரை டிகிரி சாய்ந்திருந்தது.
சாயவில்லை என்றான் சவேரி.
நைனார் வேறெங்கோ பார்த்தான்.
இரவு பதினொன்றுக்கு நான் தனியாகப் போய்
அறுத்தெடுத்தேன்.
அதற்காக ஐந்து நாள் என்னோடு யாரும் பேசவில்லை.
புதுப் பிசின் வர ஐந்து வாரம்.

குன்னத்தூர் சத்திரத்துத் தையல்காரர்
நாடாவைக் கழுத்திலிருந்து உருவியபடி கேட்டார்:
"யாருக்கு அளவு?"
பதினெட்டுக் கிலோவுக்கு என்றோம்.
"புள்ளைக்கா?"
ஆரஞ்சு நைலானில் பன்னிரண்டு துண்டு,
ஓரம் மடித்து இரட்டைத் தையல்.
கூலியை எண்ணிவிட்டுச் சொன்னார்,
"தையல் விட்டா கொண்டாங்க,
சும்மாவே அடிச்சுத் தாரேன்."

காவல் நிலையத்தில் இருந்தது ஒரே படிவம்,
திருவிழா வாணத்துக்கு உள்ளது.
கோயில் பெயர் என்ற இடத்தில்
குருவம்மா ஒரு கோடு போட்டாள்.
ரைட்டர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.
"சாமி பேராச்சும் எழுதும்மா."
விமான நிலையக் கடிதத்தை நீட்டினோம்.
ஞாயிறு காலை ஆறரை முதல் ஏழு வரை
வானம் எங்களுடையது என்று அதில் இருந்தது.
அப்படி இல்லை. நான் அப்படி வாசித்தேன்.

பங்குனிக் கண்மாய்.
வெடித்த களியில் போன வருசத்து ஆமை ஓடு.
கிடையை மறுகரைக்கு ஓட்டச் சொன்னதும்
ஆட்டுக்காரர் முனகாமல் ஓட்டினார்.
ஒன்று மட்டும் கேட்டார்:
"திரும்பி வருமா?"
"வரணும்."
"மேய விட்டா ஆடும் வரணுந்தான்."

ஐந்து நான்கு மூன்று இரண்டு ஒன்று

பொத்தான்

ஒன்றுமில்லை.

சீமைக்கருவேல நெற்றுகள் சலசலத்தன.
எரியாத ராக்கெட்டின் பக்கத்தில்
பத்து நிமிடம் யாரும் போகக்கூடாது.
நாங்களே எழுதி நாங்களே கையெழுத்திட்ட விதி.
நைனார் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்று முடித்தான்.
சவேரி தன் சீட்டுப் பணத்தில் இதற்காக எடுத்ததைச்
சொல்ல ஆரம்பித்து, விட்டுவிட்டான்.
கிளிப்பில் துரு.
உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு.
ஏழாக இன்னும் ஆறு நிமிடம்.

இந்த முறை நான் பார்க்கவில்லை.
கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.
குழாய் நின்ற இடத்தில் புகை நின்றது.
சத்தம் பிந்தி வந்து நெஞ்செலும்பில் இடித்தது.
மறுகரை ஆடுகள் அத்தனையும்
ஒரே திசைக்குத் தலை திருப்பின.
மேலே ஒரு வெள்ளைக் கோடு,
அரை டிகிரியும் சாயாமல்.

ஆரஞ்சைக் காணோம்.
இன்னும் காணோம்.
"தையல்காரரே!" என்று கத்தினாள் குருவம்மா.
அந்த நேரத்தில் அவளுக்கு
வேறு சாமி பேர் வரவில்லை.

விரிந்தது.

கத்தரித் தோட்டத்தில் ஒரு பாத்தி நாசம்.
இருநூறு கேட்டார்கள், கொடுத்தோம்.
மூக்கைத் திருகித் திறந்தால்
உள்ளே உயரமானி கூவிக்கொண்டிருந்தது.
ஒரு தடவை. நிறுத்தம். ஏழு. நிறுத்தம்.
மூன்று. அப்புறம் எட்டு.
மீட்டரில்.
எட்டில்லை ஒன்பது என்றான் நைனார்.
சேற்றுக் காலோடு குந்தி, வாயசைத்து,
மறுபடி எண்ணினோம்.
அது அலுக்காமல் சொன்னது.
பேட்டரியைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை.

திருமங்கலம் பஸ்ஸில்
இரண்டாகப் பிரித்த குழாய்க்கு
லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர்
என் மடியிலிருந்த பையைக் காட்டிக் கேட்டார்:
"உள்ள என்னம்மா, கோழிக்குஞ்சா?"

ஒன்று.
ஏழு.

"பொறுங்கண்ணே" என்றேன்,
விரல் மடக்கியபடி.