வேலையில்லாத எழுத்து

வாகா வாகாவில் பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில்
செவ்வாயும் வியாழனும்
பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கிறோம்
ரொவீனாவும் நானும்.
வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம்,
கரண்ட் பில்லுக்குத் தவணை கேட்டு ஒரு மன்றாட்டு.
இன்னார் என்று எழுதும் முதல் கட்டத்திலேயே
எல்லோருக்கும் பேனா நிற்கும்.

நான் சேர்ந்த முதல் வாரம்
தேநீர்ப் பை தேடிக்கொண்டே சொன்னாள்:
"நானும் உங்க ஆள்தான், தெரியுமா?
கொள்ளுத்தாத்தா இந்தியாவிலிருந்து ஒட்டகத்தோட வந்தவராம்.
எந்த ஊருன்னுதான் அம்மாவுக்கு ஞாபகமில்லை."
என் பருப்பு சாதத்தில் பாதியை
உரிமையோடு எடுத்துக்கொண்டாள்.
மூன்று வருடம் அவளுக்கு ஊர் தேடினேன்.
மதுரையா லாகூரா என்று பந்தயம் வேறு.

அம்மா போன பிறகு ஆவணக் காப்பகத்திலிருந்து
பழுப்பு உறை ஒன்று வந்தது.
அதில் ஒட்டகம் இல்லை.
நரண்டெரா ஆற்றோரத் தகரக் கொட்டகை இருந்தது.
காரில் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட
இரண்டு பெரியம்மாக்கள் இருந்தார்கள்.
அதே கார் பின்னொரு நாள் தன் வாசலில் நின்றபோது
இடுப்பில் பிள்ளையோடு
"நாங்கள் இந்தியர்கள்" என்று
இருபத்திரண்டு வயதில் அம்மா சொன்னது
தட்டச்சில் இருந்தது,
ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல்.

அப்படியானால் நான் அவளுக்கு யார்?
அவசரத்துக்கு இழுத்துப் போர்த்திய போர்வை.
என் ஊர்ப் பேர் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது.
பெருமைப்படலாமா என்று
இன்னும் தெரியவில்லை.
மறுநாளும் என் டப்பாவைத் திறந்தாள்.
இம்முறை
கேட்டுவிட்டு.

இப்போது திங்கள் இரவுகளில்
விராஜுரி வகுப்பில் அவள் மாணவி.
முதல் சொல், ஙுரம்பாங்.
நாடு என்றாலும் அதுதான், தன் நிலம் என்றாலும் அதுதான்.
அவள் நாக்கு அதை நுரம்பாங் என்றே இறக்கியது.
"எங்கே, நீ சொல்லு."
சொன்னேன்.
தங்கத்தின் நடுவிலிருந்து, சிங்கத்தின் நடுவிலிருந்து
உருவி முன்னால் வைத்தால் போதுமே,
ஒரே மூச்சில் வந்துவிட்டது.
அவள் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான்
வாயை மூடத் தெரிந்தது எனக்கு.

என் அரிச்சுவடியில் ங-வுக்குப் படம் கிடையாது.
அம்மாவும் ஆடும் இலையும் வரிசையில் நிற்க
அது மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும்.
அதில் தொடங்க எங்களிடம் ஒரு பொருளும் இல்லை.
இங்கே நிலமே அதில் தொடங்குகிறது.

போன வியாழன், சமையல் வேலைக்கு விண்ணப்பிக்க வந்த பையன்
பூர்வகுடியா என்று கேட்கும் கட்டத்தைக் காட்டி
"இதுல என்ன போடறது?" என்றான்.
கட்டாயமில்லை, விட்டுடு என்பது
அவள் வழக்கமான பதில்.
கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தாள்.
"நானே போன மாசம்தான் டிக் போட்டேன்.
பேனா எழுதல. ரெண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது."

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது
அவள் முணுமுணுப்பு கேட்டது.
நுரம்பாங். நு. ங்...
ஒரு படி பின்னால்
விளக்குகளை அணைத்துக்கொண்டே நான்,
வாய் திறக்காமல்.