நாற்காலிக் கணக்கு

சனி இரவு இரண்டரைக்குக்
கடைசிக் குடிகாரனை எழுப்பி அனுப்புவேன்.
ஞாயிறு ஆறரைக்குக்
கதவைத் தட்டுவார் பாஸ்டர் ம்புயாம்பா.
நடுவில் நான்கு மணி நேரம்.
அதற்குள் ஒரு மதுக்கடையைக் கழுவி
ஆலயமாக்க வேண்டும்.
சம்பளம் என்னவோ ஒன்றுதான்.

கின்ஷாசாவில், மசீனா சந்தைக்குப் பின்னால்
எக்கோஃபோ அம்மாளின் கடை.
பாதித் தரை சிமெண்ட், பாதி மணல்.
சுவரில் நுரை பொங்கும் பாட்டில் ஒன்றை
ஆளுயரத்துக்கு வரைந்து வைத்திருந்தார்கள்.
அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, நான்கு ஆணி.
காற்றடித்தால்
மனந்திரும்புதல் பற்றிய பிரசங்கத்தின் நடுவே
நுரை எட்டிப் பார்க்கும்.
பிள்ளைகள் சிரிப்பார்கள்.
பாஸ்டரும்தான்.

காலிப் பெட்டி மூன்றை அடுக்கினால் பிரசங்க மேடை.
சில்லறை வாங்கும் தட்டே காணிக்கைத் தட்டு.
நாற்காலிகள் சிவப்பு பிளாஸ்டிக்;
ஒவ்வொன்றின் முதுகிலும் பீர் கம்பெனியின் பெயர்.
முதல் வாரம் பதினொன்று போட்டேன்.
எட்டு மிஞ்சியது.
அவர், அவர் மனைவி கபேடி,
பிறகு
எவ்வளவு உலுக்கியும் எழாத லுக்கோக்கி.
ஜெபத்தின் நடுவில் விழித்து,
தப்பான இடத்தில்
ஆமென் என்றான்.
அடுத்த வாரம் குளித்துவிட்டு வந்தான்.

எனக்கு விசுவாசம் கிடையாது.
துடைப்பம் உண்டு, பிளீச்சிங் பவுடர் உண்டு.
எவ்வளவு தேய்த்தாலும்
ஓரங்களில் புளித்த வாடை போகாது.
அதற்குள்தான் முழங்காலிட்டார்கள்.

பத்து மாதம்.
அறுபத்துநான்கு நாற்காலியும் போதாமல்
சாக்கடை மேட்டில் நின்று பாடினார்கள்.
பிறகு ஆற்றோரம் துண்டு நிலம் வாங்கினார்கள்.
விடைபெறும்போது பாஸ்டர் என் கையைப் பிடித்து
ஏதோ சொல்ல வந்தார்.
கைமணியைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு
யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும்
கழுவி முடித்திருந்தேன்.
ஆறரைக்குத் தட்டும் சத்தம்.
லுக்கோக்கி. கையெல்லாம் சிமெண்ட்.
"சுவர் நிக்குது. கூரைக்குத் தார்ப்பாய் கட்டியாச்சு.
உட்காரத்தான் ஒண்ணும் இல்ல."

நாற்காலிக்கு இருநூறு ஃபிராங் என்றாள் எக்கோஃபோ அம்மாள்.
"எண்ணி அனுப்பு, பிலோண்டா. எண்ணி வாங்கு.
நீயும் கூடவே போ."

தள்ளுவண்டியில் மூன்று நடை.
சேற்றில் சக்கரம் புதைய,
கபேடி செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளினாள்.
சுவரில் பூச்சு இல்லை. ஜன்னலுக்குச் சட்டம் இல்லை.
தார்ப்பாயில் தேங்கிய மழைநீர்
ஒரு நீல வயிறாகத் தொங்கியது.
துணி கட்டி மறைக்க ஒன்றுமே இல்லை;
அத்தனை முதுகுகளுக்குப் பின்னாலும்
பீர் கம்பெனியின் பெயர்
வரிசை வரிசையாக.

கணக்கு என் பொறுப்பு.
கடைசி நாற்காலியைப் பிடித்தபடி
வாசலோரம் நின்றேன்.
கால் வலித்தது.
உட்கார்ந்தேன்.

மாலையில் அறுபத்துமூன்று திரும்பின.
"ஒண்ணு குறையுதே?"
கால் உடைந்துவிட்டது என்றேன்.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.