ஒப்பீட்டுத் தட்டு

ஞாயிறு காலை
ஹெப்பாள் மேம்பாலம் அதிசயமாய்க் காலி.
செல்களுக்கு ஞாயிறு தெரியாது.
இருபத்து நாலு மணிக்கொரு முறை
ஊடகம் மாற்றாவிட்டால்
ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடும்,
ஒன்று தோலாக, ஒன்று நரம்பாக,
ஒன்று இன்னதென்று சொல்ல முடியாத
தட்டையான ஏதோவாக.

அவை எதுவும் ஆகிவிடாமல்
பார்த்துக்கொள்வது என் வேலை.
சம்பளச் சீட்டில் இதற்குப் பெயர்
திட்டப் பணியாளர், நிலை இரண்டு.

மூன்றரை நாள் எலிக்கருவிலிருந்து
யாரோ என்றோ எடுத்தவை.
இவற்றுக்கு இன்னும் அதே மூன்றரை நாள்.
நான் சேர்ந்தே ஆறு வருடம்.

உள்ளே மூன்று பேர் காவல் என்பார்
பத்மாக்ஷி மேடம்:
ஆக்ட்-ஃபோர், சாக்ஸ்-டூ, நானாக்.
எனக்குக் காவலாகத் தெரியவில்லை.
யஷ்வந்த்பூர் விடுதியில்
ஒரே அறையில் மூன்று பேர் இருந்தோம்.
தேர்வுக்கு முந்தின இரவு
ஒருத்தி சாய்ந்தால் அடுத்தவள் உலுக்குவாள்,
உலுக்கியவள் சாய்ந்தால் மூன்றாமவள்.
இவையும் அப்படித்தான்
தன் மரபணுவின் கதவைத் தட்டி
மற்ற இரண்டின் கதவையும் தட்டி
தூங்காதே தூங்காதே என்று
விடிய விடிய.

ஆக்ட்-ஃபோர் குறைந்தால்
நஞ்சுக்கொடிப் பக்கம் சாயும்.
கூடினாலும் கைவிட்டுப் போகும்.
ரசத்துக்கு உப்பு மாதிரியா மேடம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

நானாக், எந்தத் தேசத்துச் சொல்லோ.
கருத்தரங்கில் முதல்முறை கேட்டபோது
என் காது தமிழில்தான் கேட்டது:
நானாக.
மீதி வாக்கியத்துக்குக் காத்திருந்தேன்.
நானாக வந்தேனா, நானாக இருக்கிறேனா,
நானாக என்ன?
அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

பச்சை ஒளி ஏற்றிப் பார்த்தால்
ஒரு செல்லில் அது கொழுந்துவிட்டு எரியும்,
ஒட்டியிருக்கும் செல்லில் மங்கிக் கிடக்கும்.
நாளைக்கு இது ஏறும், அது இறங்கும்.
மங்கிய நேரத்தில்
செல் வாசலைப் பார்க்கிறது.
பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது.

அடியில் விரித்த செல்களைப் பற்றி
யாரும் பேசுவதில்லை.
மருந்து வைத்துப் பெருக்கத்தை நிறுத்தியவை.
மேலிருப்பவற்றுக்கு ஊட்டி ஊட்டிப்
பத்து நாளில் உதிர்பவை.
என்னுடையதைவிடக் குட்டையான ஒப்பந்தம்.

எனக்கு ஆறு மாதத்துக்கொரு புதுப்பிப்பு.
வீட்டுக்குப் பதினொரு மாதத்துக்கொன்று.
சித்தலிங்கப்பா ஐந்து சதவீதம் ஏற்றி,
அதே மனே, அதே ஜன என்று சிரித்து
முத்திரைத்தாளை நீட்டுவார்.
தன்னைத் தானே புதுப்பித்தல் என்று
மேடத்தின் கட்டுரையைத் தட்டச்சும்போதெல்லாம்
அந்தத் தாளின் வாசம் வரும்.

இன்று எறிய வேண்டியது ஒரு தட்டு.
லிஃப் ஊற்றாமல் விட்டது,
பதினொரு நாள்,
மூன்றும் அடங்கினால் இப்படித்தான் ஆகும்
என்று காட்டுவதற்காக மட்டும்.
படம் எடுத்தாயிற்று.
பிளீச் ஊற்ற வேண்டும்.

பழக்கத்தில் ஒருமுறை
நுண்ணோக்கியில் வைத்தேன்.

ஓரத்தில்,
கடுகளவுகூட இல்லை,
துடித்தது.

நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு.
நம்பாமல் திரும்ப எண்ணினேன், ஐம்பது.
ரத்தம் என்றால் என்னவென்றே தெரியாமல்
எதையோ தள்ளிக்கொண்டிருந்தது.
மூவரும் உறங்கிப்போன அறையில்
யாரோ எழுந்து நடக்கிற மாதிரி.

பிளீச் புட்டியை எடுத்தேன், வைத்தேன்.
மற்ற தட்டுகளுக்கு ஊடகம் மாற்றினேன்.
பதின்மூன்றாம் முறைக்கான படிவம்
பையில் நாலாக மடித்து இருக்கிறது,
கையெழுத்திட வேண்டிய இடத்தில்
யாரோ பென்சிலால் பெருக்கல் குறி போட்டு.

தட்டைத் திரும்ப
முப்பத்தேழு டிகிரிக்குள் வைத்து
மூடியில் செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டேன்.
பதிவேட்டில்
எறியாததன் காரணம் என்ற கட்டத்தில்
நானாக
என்று மட்டும் எழுதி
வாக்கியத்தை முடிக்காமல்
கை கழுவப் போனேன்.