நாலு நாலு ஒன்று ஏழு

பென்சான்ஸில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை பிடிப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள்.
துறைமுகத்துப் பொதுக் கழிப்பறையை
நகரசபை போன வருடமே பூட்டிவிட்டது.
எனக்கு அறுபத்திரண்டு வயது.
சிறுநீர்ப்பைக்குக் கொள்கை கிடையாது.

அதனால்தான் நுழைந்தேன்,
மூன்று வருடமாக எதிர்ச்சாரியில் நடந்தே
நான் தவிர்த்துவந்த அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்.

இது வரக்கூடாதென்று
மீன்கடை வாசலில் மேசை போட்டு
ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து வாங்கியவள் நான்.
முதல் கையெழுத்து டென்சிலுடையது.
மேட்டுத்தெருவில் பதினொரு மேசைக் கடை,
சாக்பீஸில் எழுதிய விலைப்பட்டியல்,
சுவரில் கூடையோடு சிரிக்கும் ஒரு ஹோண்டுராஸ் விவசாயி
(பெயர் போட்டிருக்காது. கேட்கத் தோன்றியதும் இல்லை).

இங்கே கழிப்பறைக்கு எண்பூட்டு.
எண் ரசீதில் இருக்கும்.
ரசீது, காபி வாங்கினால் வரும்.
முதலாளித்துவத்தை இதைவிடச் சுருக்கமாக
யாரும் எனக்கு விளக்கியதில்லை.

வரிசையில் நின்றேன், கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துக்கொண்டு,
மெதடிஸ்ட் வீட்டுப் பெண் மதுக்கடைக்குள் நிற்பதுபோல.
நிமிர்ந்தால் கல்லாவில் ரடோஸ்டினா.

டென்சில் கடையில் ஆறு வருடம் கோப்பை கழுவியவள்.
பல்கேரியாவுக்கே திரும்பிவிட்டாள் என்று
அவன் சொல்லியிருந்தான்.
நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

"இங்க காய்ச்சல்னா சம்பளம் உண்டு" என்றாள்,
நான் எதுவும் கேட்காமலே.
"அங்க கை வெந்த வாரத்துக்கும் பிடிச்சுக்கிட்டாங்க."

டென்சிலின் கொட்டை எந்த மலையில் விளைந்தது,
எத்தனை மீட்டர் உயரம், கிழக்குச் சரிவா மேற்குச் சரிவா,
எல்லாம் கேட்டிருக்கிறேன்.
விருந்தாளிகளிடம் ஒப்பித்திருக்கிறேன்.
பத்தடி தள்ளி, ஊசலாடும் கதவுக்குப் பின்னால்
தண்ணீர் என்ன சூடு என்று கேட்டதில்லை.

அதற்காக உடனே இவர்களை
நல்லவர்களாக்கிவிடவும் மனம் வரவில்லை.
இவர்களுடைய லாபம் வேறு தேசத்துக்குப் போய்த் தூங்குகிறது,
வரி எழுப்பாத படுக்கையில்.
இந்தச் சுவரிலும் ஒரு விவசாயி சிரிக்கிறார், இன்னும் பெரிதாக.
ரடோஸ்டினாவின் அடுத்த வாரத்தை
வெள்ளி இரவு ஒரு செயலி வெட்டும், ஒட்டும்.
"சங்கம் பத்திப் பேசினோம்" என்றாள், உதடு அசையாமல்.
"நாலு பேர்.
இப்ப மூணு பேர்."

பின்னால் நின்றவர் செருமினார்.
என்ன வேண்டும் என்று கேட்க வேண்டிய இடத்தில்
அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:
நாலு, நாலு, ஒன்று, ஏழு.

போனேன். வந்தேன்.
தேவைக்கு மேல் கை கழுவினேன்.
தண்ணீர் மிதமான சூடு.

வெளியே மழை திசை மாறியிருந்தது.
மேட்டுத்தெருவில் டென்சில் விளக்குப் போட்டுவிட்டான்.
சன்னலோரம் என் மேசை காலியாகத் தெரிந்தது.
அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்,
கேட்டே விடப் போகிறேன் என்று ஏறினேன்.
பாதி மேட்டில், மூச்சு வாங்க நின்றபோது
கோட்டுப் பைக்குள் விரலில் தட்டுப்பட்டது
அவன் கடை அட்டை:
பத்துக் கோப்பைக்கு ஒன்று இலவசம்.
ஒன்பது முத்திரை விழுந்திருந்தது.